உருதுக் குடும்ப நகைச்சுவைத் தொடர்களைப் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பாகிஸ்தானின் உருதுத் தொலைக்காட்சித் தொடர்கள் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு ஆர்வத்துடன் உட்காரும் தமிழர்களில் பலர் இரண்டு எபிசோடுகளுக்குள் சோர்ந்து எழுந்துவிடுகிறார்கள். கண்ணீரும் சோகமும் நிறைந்த தொடர் என்றால் எப்படியோ கதை புரிந்துவிடும். அழுகைக்கு மொழிபெயர்ப்பு அதிகம் தேவையில்லை. குடும்ப நகைச்சுவைத் தொடரில் அப்படி இல்லை. அங்கே சிரிப்பு பிறப்பது விழுந்து புரள்வதிலிருந்தோ வழுக்குவதிலிருந்தோ அன்று. யாருக்கு யார் என்ன முறை, யார் யாரை எப்படி அழைக்க வேண்டும், கல்யாணச் சடங்குகளில் எது முடிந்திருக்கிறது, எது பாக்கி என்பதிலிருந்துதான். இவையெல்லாம் பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொண்டே வசனம் எழுதப்படுகிறது. ஆகவே மொழியைக் கற்பதற்கு முன் குடும்பத்தைக் கற்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை. அந்த வரிசையிலேயே படிகளை அமைத்திருக்கிறேன்.

முதல் படி: தொடங்குவதற்கு ஒரே ஒரு தொடரைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 'சுனோ சந்தா'வின் முதல் பருவம். ஹம் டிவியில் 2018ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில் நாள்தோறும் ஒளிபரப்பான இந்தத் தொடரை எழுதியவர் சாயிமா அக்ரம் சௌத்ரி, இயக்கியவர் அஹ்ஸன் தாலிஷ். ஜியா என்னும் பெண்ணாக இக்ரா அஜீஸும், அர்ஸல் என்னும் இளைஞனாக ஃபர்ஹான் ஸயீதும் நடித்திருக்கிறார்கள். ஃபர்ஹான் ஸயீத் அதற்கு முன்பே 'ஜல்' இசைக்குழுவின் பாடகராகப் பெயர் பெற்றவர். பீ ஜான் என்னும் பாட்டியாக வருபவர், பாகிஸ்தான் தொலைக்காட்சியின் தொடக்க காலந்தொட்டே நடித்துவரும் ஸமீனா அஹ்மத்.

கதைச் சுருக்கம் எளிது. ஒரே கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த ஜியாவுக்கும் அர்ஸலுக்கும், தாத்தாவின் கடைசி ஆசை என்பதற்காக நிக்காஹ் நடந்துவிட்டது. இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. பெரியவர்கள் மீதிக் கல்யாணத்தை நடத்தி முடிக்கத் துடிக்கிறார்கள். இளையவர்கள் அதை உடைக்கத் துடிக்கிறார்கள். ஆனால் உடைத்தவர் என்ற பழி தன் மேல் விழக்கூடாது என்று இருவருமே நினைப்பதால், மற்றவரை முதலில் 'வேண்டாம்' என்று சொல்ல வைப்பதற்கான சதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அரங்கேறுகின்றன. இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம் இது ஆகச் சிறந்த தொடர் என்பது அன்று. ஒரே வீட்டுக்குள் கதை நடப்பதால் முகங்கள் விரைவில் பழகிவிடும் என்பதும், இந்த வகைத் தொடர்களின் வாய்பாடுகள் அத்தனையும் இதில் இருக்கின்றன என்பதும்தான் காரணம்.

முப்பது எபிசோடு அதிகம் என்று நினைப்போர் 2013இல் ஏ-பிளஸ் அலைவரிசையில் வந்த 'அவுன் ஜாரா'வை எடுத்துக்கொள்ளலாம். பெண்கள் நிறைந்த வீட்டில் செல்லமாக வளர்ந்த ஒரே பையனுக்கும், ஆண்கள் மட்டுமே உள்ள வீட்டில் வளர்ந்த ஒரே பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தால் என்ன ஆகும் என்பது கதை. ஃபாயிஸா இஃப்திகார் எழுத, ஹைஸம் ஹுஸைன் இயக்கினார். உஸ்மான் காலித் பட்டும் மாயா அலியும் நடித்தார்கள். 2014 ஜூனில் ஜீ நிறுவனம் இந்தியாவில் 'ஜிந்தகி' அலைவரிசையைத் தொடங்கியபோது முதல் தொகுதியில் ஒளிபரப்பிய பாகிஸ்தான் தொடர்களில் இதுவும் ஒன்று என்பதால், இந்திய நேயர்கள் சிலருக்கு இது ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கும்.

'புல்புலே'யில் தொடங்க வேண்டாம். 2009 முதல் ஏஆர்ஒய் டிஜிட்டலில் நூற்றுக்கணக்கான எபிசோடுகளாக ஓடிய அது சிட்காம் வகையைச் சேர்ந்தது; ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. சாப்பிடும்போது பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், ஆனால் குடும்பத் தொடர் எப்படி வளர்கிறது என்பதை அது கற்றுத் தராது.

இரண்டாம் படி: எவ்வளவு நேரம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழில் ஒரு நெடுந்தொடர் தொடங்கினால், அதில் குழந்தையாக வந்தவர் கல்லூரிக்குப் போகும்வரை ஓடும் என்ற பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி: உருதுத் தொடர்களுக்கு முடிவு உண்டு. வழக்கமான தொடர் வாரத்துக்கு ஓர் எபிசோடாக, இருபதிலிருந்து முப்பது எபிசோடுகளுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். விளம்பரம் நீங்கலாக ஓர் எபிசோடு ஏறத்தாழ 40 நிமிடம். அண்மைக் காலத்தில் வாரம் இருமுறை வந்து நீண்டுகொண்டே போகும் தொடர்கள் பெருகியிருக்கின்றன என்பது உண்மைதான், ஆனாலும் எழுத்தாளர் ஒரு கதையை எழுதி முடித்துவிட்டுத்தான் படப்பிடிப்புக்குப் போவது என்ற மரபு இன்னும் அழியவில்லை.

குடும்ப நகைச்சுவைத் தொடர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. அவற்றில் பல ரமலானுக்கென்றே தயாராகின்றன. நோன்பு திறந்து குடும்பமே ஒன்றாக உட்காரும் மாலையிலும் இரவிலும், பாட்டியிலிருந்து பேரன்வரை எல்லோரும் பார்க்கும்படியாக, தினம் ஒன்றாக ஏறத்தாழ முப்பது நாள் ஓடி, நோன்புப் பெருநாளையொட்டி முடிவது அவற்றின் வடிவம். இந்த வடிவத்தின் பலமும் பலவீனமும் 'சுனோ சந்தா'வில் தெளிவாகத் தெரியும். முதல் பத்து எபிசோடுகள் பாய்ந்து ஓடும். பதினைந்துக்கும் இருபத்திரண்டுக்கும் இடையில் ஒரே சண்டை உடை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருவதுபோல் இருக்கும். முப்பது நாளை நிரப்பியாக வேண்டுமே. அங்கே அலுப்புத் தட்டினால் தொடரை விட்டுவிடாதீர்கள், ஒன்றிரண்டைத் தாண்டிச் செல்லுங்கள். கதை கைநழுவிப் போகாது.

மூன்றாம் படி: நிக்காஹ் வேறு, ருக்ஸதி வேறு

இந்த ஒரு செய்தி தெரியாமல் 'சுனோ சந்தா'வைப் பார்ப்பவருக்குக் கதையே குழம்பிவிடும். 'கல்யாணம் ஆகிவிட்டது என்கிறார்கள், அப்புறம் எதற்குக் கல்யாண ஏற்பாடு செய்கிறார்கள்?' என்பதுதான் புதியவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி.

நிக்காஹ் என்பது ஒப்பந்தம். மணமகன், மணமகள் இருவரின் சம்மதம், சாட்சிகள், மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மஹர் தொகை ஆகியவை நிக்காஹ்நாமா என்னும் படிவத்தில் பதிவாகும். பாகிஸ்தானில் 1961ஆம் ஆண்டின் முஸ்லிம் குடும்பச் சட்ட அவசரச் சட்டம் இந்தப் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இதில் கையெழுத்து விழுந்த கணத்திலிருந்து அவர்கள் சட்டப்படியும் மார்க்கப்படியும் கணவன் மனைவி. ஆனால் பெண் பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போவது ருக்ஸதி. தலைக்கு மேல் குர்ஆனைப் பிடித்து, அதன் நிழலில் பெண்ணை வழியனுப்புவார்கள். நிக்காஹ்வும் ருக்ஸதியும் ஒரே நாளில் நடக்கலாம். இரண்டுக்கும் இடையில் ஆண்டுக்கணக்கில் இடைவெளியும் இருக்கலாம். பையன் வெளிநாட்டில் படிக்கிறான், பெண் படிப்பை முடிக்கவில்லை, பெரியவர் ஒருவர் கண்மூடுவதற்குள் பார்த்துவிட ஆசைப்படுகிறார் என்று காரணங்கள் பலவகை.

நகைச்சுவைத் தொடர்களின் சொர்க்கம் அந்த இடைவெளிதான். நிச்சயதார்த்தமாக இருந்தால் மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். நிக்காஹ் ஆனபின் பிரிய வேண்டும் என்றால் கணவன் தலாக் சொல்ல வேண்டும், அல்லது மனைவி குலா கோர வேண்டும். இரண்டுமே குடும்பத்தின் மானத்தைச் சந்திக்கு இழுக்கும் காரியங்கள். நிக்காஹ்நாமாவின் 18ஆம் பத்தியில், விவாகரத்து உரிமையைக் கணவன் மனைவிக்கு ஒப்படைக்கிறானா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பத்தியைக் கோடிட்டு அடித்துவிடுவது நெடுநாள் வழக்கம், அதை நிரப்பியே தீர வேண்டும் என்று பெண்கள் கேட்பது இன்றைய விவாதம். ஜியாவும் அர்ஸலும் ஒருவரையொருவர் வாரிவிடும் ஒவ்வொரு காட்சிக்கும் அடியில் இந்தக் கனம் இருப்பதால்தான் அது வெறும் அண்டைவீட்டுச் சண்டையாகச் சுருங்காமல் நிற்கிறது. போதாக்குறைக்கு, இருவரும் இருப்பது ஒரே வீடு; ருக்ஸதி என்று கண்ணீர் மல்க வழியனுப்பப்படும் பெண் போய்ச் சேரப்போவது கூப்பிடு தூரத்து அறைக்கு.

மற்றச் சடங்குகளைத் தொடரைப் பார்த்தபடியே தெரிந்துகொள்ளலாம். பேச்சு முடிவாவது 'பாத் பக்கி', நிச்சயம் 'மங்னி', மஞ்சள் பூசிப் பெண்ணை உட்கார வைப்பது 'மாயூன்', பாட்டும் கூத்துமாக நடப்பது 'மெஹந்தி', மாப்பிள்ளை ஊர்வலமாக வருவது 'பராத்', மாப்பிள்ளை வீட்டார் தரும் விருந்து 'வலீமா'. இவற்றில் நகைச்சுவைக்கு அதிகம் பயன்படுவது மெஹந்தி. இரு வீட்டாரும் ஒரே இடத்தில் கூடி, ஒருவரையொருவர் பாட்டாலேயே குத்திக்காட்ட அனுமதி உள்ள இரவு அது.

நான்காம் படி: உறவுமுறையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

முதல் எபிசோடு பார்க்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். பெயரைவிட முறையை எழுதுங்கள். இந்தத் தொடர்களில் பெரியவர்களைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

தாயா என்றால் பெரியப்பா, சாச்சா என்றால் சித்தப்பா, மாமூ என்றால் தாய்மாமன், ஃபுப்போ என்றால் அப்பாவின் சகோதரி. இவை தமிழ் முறைகளோடு அப்படியே பொருந்தும். தாத்தா, பாட்டி என்று நாம் இருபுறத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்க, உருதுவில் அப்பா வழித் தாத்தா பாட்டி தாதா, தாதி. அம்மா வழியில் நானா, நானி. மாறாக, பெரியம்மா, சித்தி என்று நாம் வயதுவாரியாகப் பிரிக்கும் அம்மாவின் சகோதரிகள் எல்லோரும் அங்கே காலாதான். அண்ணியைப் பாபி என்பார்கள், நாத்தனாரை நந்த் என்பார்கள். சம்பந்தியை ஸம்தி என்றே சொல்வதால் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

தமிழ்ப் பார்வையாளர் தடுக்கி விழும் இடம் வேறு. ஜியாவும் அர்ஸலும் அண்ணன் தம்பி பிள்ளைகள். பெரியப்பா மகனும் சித்தப்பா மகளும் நம் முறைப்படி உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குக் கல்யாணம் என்ற பேச்சே நமக்குத் தூக்கிவாரிப் போடும். அங்கேயோ மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை, சித்தப்பா பிள்ளை, காலா பிள்ளை எல்லோருமே மணம் செய்துகொள்ளத் தக்கவர்கள். எல்லோருக்கும் 'கஸின்' என்ற ஒரே பெயர். நேற்றுவரை 'பாயி' (அண்ணன்) என்று கூப்பிட்டவனை நாளை முதல் எப்படிக் கூப்பிடுவது என்ற சங்கடம் இந்தத் தொடர்களில் ஓயாமல் வரும் கேலிப் பொருள். இந்தத் தடையை மனத்தால் கடந்துவிட்டால் கதை இலகுவாகும். கடக்க முடியாதவர்கள் இதில் நெளிந்துகொண்டே இருப்பார்கள்.

முறைகளுக்கென்று ஒட்டிக்கொண்டிருக்கும் குணங்களும் உண்டு. நமக்கு அத்தை என்றால் சீர், முறைப்பையன், உரிமைச் சண்டை எல்லாம் நினைவுக்கு வரும். உருதுத் தொடரில் ஃபுப்போ வாசலில் வந்து இறங்கினாலே வீட்டில் கலகம் என்று அர்த்தம். அண்ணன் மனைவியின் சமையலிலிருந்து பிள்ளைகளின் மதிப்பெண்வரை எல்லாவற்றிலும் குறை காண்பதற்காகவே படைக்கப்பட்ட பாத்திரம் அது. காலா செல்லம் கொடுப்பவர். மாமூ வெகுளி, சில சமயம் வேலைவெட்டி இல்லாதவர். தேவ்ரானி, ஜேட்டானி என்னும் ஓரகத்திகளின் பனிப்போர் சமையலறையில் தொடங்கி எங்கு வேண்டுமானாலும் பரவும். 'சுனோ சந்தா'வில் அர்ஸலின் அம்மாவும் ஜியாவின் அம்மாவும் ஓரகத்திகள் என்பதையும், அடுத்து அவர்கள் சம்பந்திகளாகவும் ஆகப் போகிறார்கள் என்பதையும் தாளில் குறித்துக்கொண்டால், அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையிலேயே பாதி நகைச்சுவை புரிந்துவிடும்.

ஐந்தாம் படி: மரியாதையைக் கவனியுங்கள்

தமிழில் நீ, நீங்கள் என்ற இரண்டு நிலைதான். உருதுவில் ஆப், தும், தூ என்று மூன்று. 'பைட்டியே' என்றால் உட்காருங்கள், 'பைட்டோ' என்றால் உட்கார், 'பைட்' என்றால் மிக நெருக்கமோ கடும் அலட்சியமோ. இலக்கணம் படிக்க வேண்டியதில்லை. யார் யாருக்கு எதைச் சொல்கிறார்கள், அது எந்தக் கணத்தில் மாறுகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். கதாநாயகனும் கதாநாயகியும் 'தும்' என்று கத்திக்கொண்டிருந்துவிட்டு, பெரியவர் உள்ளே நுழைந்ததும் 'ஆப்' என்று குழைவது எல்லாத் தொடரிலும் உண்டு. பொங்கிவரும் கோபத்தை 'ஆப்' குறையாமல் கொட்டுவது அதைவிடச் சுவையானது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். எந்தத் தொடரில் என்று கேட்க வேண்டாம், ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். டிராயிங் ரூமில் சோபாவின் விளிம்பில் பையனின் அம்மா. 'தஷ்ரீஃப் ரக்கியே' என்று வீட்டுத் தலைவி உட்காரச் சொல்கிறார். பட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்த சொற்கள். தேநீர்த் தள்ளுவண்டி வருகிறது, சமோசா, கபாப், கேக். வந்தவர் பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நிறம் கொஞ்சம் மட்டுதான், ஆனால் பரவாயில்லை என்னும் பொருள்படப் பெருமூச்சு விடுகிறார். வீட்டுத் தலைவியின் புன்னகை அப்படியே இருக்கிறது, புருவம் மட்டும் உயர்கிறது. இன்னும் இரண்டு வாக்கியம். பிறகு அதே குரலில், அதே மரியாதையில், 'தஷ்ரீஃப் லே ஜாயியே.' தாங்கள் எழுந்தருளிப் போகலாம் என்று அர்த்தம். வெளியே போ என்பதற்கு இதைவிட மென்மையான வழி இல்லை, இதைவிடக் கூர்மையான வழியும் இல்லை. சப்டைட்டிலில் இது 'தயவுசெய்து செல்லுங்கள்' என்று சப்பென்று வரும். குரலைக் கேட்டால்தான் சிரிப்பு வரும்.

பழைய தலைமுறை மனைவிகள் கணவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'சுனியே' என்பது நம் 'என்னங்க'வின் நேர் வாரிசு.

ஆறாம் படி: உச்சரிப்பு வேறுபாடுகளுக்குக் காது கொடுங்கள்

உருது பாகிஸ்தானின் தேசிய மொழி, ஆனால் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே. மற்றவர்கள் பஞ்சாபியோ பஷ்தோவோ சிந்தியோ சராய்கியோ வீட்டில் பேசிவிட்டு வெளியே உருது பேசுகிறார்கள். இதனால் ஒரு பாத்திரம் வாயைத் திறந்ததுமே ஊர், வகுப்பு, படிப்பு எல்லாம் பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. 1947க்குப் பின் உத்தரப் பிரதேசம், பீகார், ஐதராபாத் பகுதிகளிலிருந்து கராச்சிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் உருது வேறு. லாகூர்க்காரர்கள் பஞ்சாபியைக் கலந்து அடிக்கும் உருது வேறு. 'சுனோ சந்தா'வில் அர்ஸலின் அம்மா ஷாஹானாவாக வரும் நாதியா அஃப்கனின் பேச்சு இரண்டாவது வகை. மொழியே தெரியாதவருக்கும் அவர் பேச்சின் வேகமும் நீட்டலும் சிரிப்பை வரவழைக்கும், தொடரின் உண்மையான நட்சத்திரம் அவர்தான் என்பது என் எண்ணம்.

உச்சரிப்பு நகைச்சுவையின் உச்சத்தைப் பார்க்க விரும்பினால் பின்னால் ஒருநாள் 'குத்தூஸி சாஹப் கி பேவா'வைப் பாருங்கள். 2012இல் ஏஆர்ஒய் டிஜிட்டலில் தொடங்கிய அதை ஃபஸீஹ் பாரி கான் எழுதினார். ஹினா தில்பஸீர் பல வேடங்களில், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பேச்சு நடையோடு நடித்தார். அதை முதலிலேயே பார்த்தால் ஒன்றும் விளங்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பட்டாணியர் உச்சரிப்பைக் கேலி செய்வது, பருமனான உடலைக் கேலி செய்வது, கல்யாணமாகாத முப்பது வயதுப் பெண்ணைக் கேலி செய்வது ஆகிய மூன்றும் இந்தத் தொடர்களில் சோம்பேறித்தனமாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. நல்ல எழுத்தாளர்களிடமும் வருகின்றன. முகம் சுளிக்க நேரும்.

ஏழாம் படி: சப்டைட்டிலை ஊன்றுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்

பெரிய அலைவரிசைகளின் சில தொடர்களுக்கு ஆங்கில சப்டைட்டில் இருக்கிறது, பலவற்றுக்கு இல்லை. யூடியூப் தானாக உருவாக்கும் எழுத்துகளை நம்ப வேண்டாம். நால்வர் ஒரே நேரத்தில் பேசும் குடும்பக் காட்சியில் அது திணறிப்போகும். முதல் மூன்று எபிசோடுகளைச் சப்டைட்டிலோடு பார்த்துவிட்டு, அதே மூன்றைச் சப்டைட்டில் இல்லாமல் இன்னொரு முறை பார்ப்பது நல்ல பலன் தரும் வழி. கதை தெரிந்துவிட்டதால் காது முகத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்தித் திரைப்படம் பார்த்துப் பழகியவர்களுக்குப் பேச்சுருதுவின் பெரும்பகுதி புரியும். அந்தப் பழக்கமும் இல்லாதவர்கள் பயப்பட வேண்டியதில்லை. வக்கீல், ஜாமீன், வசூல், பாக்கி, ரசீது, ராஜினாமா, சிபாரிசு, தகராறு, ரத்து, அசல், நகல், கைதி என்று நீதிமன்றம் வழியாகவும் கடைத்தெரு வழியாகவும் தமிழுக்குள் வந்து குடியேறிய சொற்களை ஒவ்வொரு எபிசோடிலும் கேட்கலாம். சில சொற்கள் பொருள் மாறி வந்திருக்கும். 'சவால்' அங்கே வெறும் கேள்விதான், யாரும் யாரையும் போட்டிக்கு அழைக்கவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, சென்னைத் திருவல்லிக்கேணிப் பக்கம் உருது கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே புழங்குவது தக்னி, அதாவது தக்காண உருதுவின் சாயல் கொண்ட பேச்சு. 'வேண்டாம்' என்னும் பொருளில் அங்கே வரும் 'நக்கோ'வைக் கராச்சிக் குடும்பத்தில் தேடாதீர்கள்.

எங்கே பார்ப்பது

ஹம் டிவி, ஏஆர்ஒய் டிஜிட்டல், ஹர் பல் ஜியோ ஆகியவை தங்கள் தொடர்களை யூடியூபிலேயே ஏற்றிவைத்திருப்பதால், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். இந்தியாவில் நிலைமை வேறு. 2016 செப்டம்பருக்குப் பின் 'ஜிந்தகி' பாகிஸ்தான் தொடர்களை ஒளிபரப்புவதை நிறுத்தியது. 2025 ஏப்ரலில் நடந்த பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தானின் பல யூடியூப் சேனல்கள் இந்தியாவில் முடக்கப்பட்டன. பாகிஸ்தானில் உருவான தொடர்கள், படங்கள், பாடல்களை நிறுத்துமாறு மே 8 அன்று ஒன்றிய அரசு ஓடிடி தளங்களுக்கு அறிவுறுத்தியது. இந்தியாவில் இருப்பவர்கள், பார்க்கும் நேரத்தில் நடப்பில் உள்ள விதி என்ன என்பதைத் தெரிந்துகொண்டு செயல்படுவது நல்லது. யாரோ துண்டு துண்டாக வெட்டி ஏற்றும் திருட்டுப் பதிப்புகளில் எபிசோடுகள் முன்பின்னாக இருக்கும், பின்னணி இசை நீக்கப்பட்டிருக்கும், ஆளடையாளமே தெரியாதபடி படம் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பப்பட்டிருக்கும். அவற்றால் தொடர் மேல் வெறுப்புதான் வரும்.

எட்டாம் படி: அடுத்து நடிகரைத் தொடராதீர்கள், எழுத்தாளரைத் தொடருங்கள்

'சுனோ சந்தா' பிடித்துவிட்டால் அதன் இரண்டாம் பருவத்துக்கு (2019) உடனே தாவத் தோன்றும். தாவலாம், முதலாவதன் கட்டுக்கோப்பு அதில் இல்லை. அதைவிட, அதே சாயிமா அக்ரம் சௌத்ரி 2021 ரமலானுக்கு எழுதிய 'சுப்கே சுப்கே'யைப் பாருங்கள். ஒரே மனிதரின் இரண்டு மனைவிகளும் அவர்களின் வாரிசுகளும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்து, மதிலின் இரு பக்கமும் நின்று போரிடும் கதை.

பாகிஸ்தானில் தொடரின் பெயரோடு எழுத்தாளரின் பெயரும் சேர்ந்தே பேசப்படுகிறது. இன்றைய எழுத்தாளர்களில் பலர் 'குவாதீன்', 'ஷுஆ' போன்ற பெண்கள் மாத இதழ்களில் தொடர்கதை எழுதித் தேர்ந்தவர்கள். வாசகியை அடுத்த மாதம்வரை காத்திருக்க வைத்த அதே கை, எபிசோடின் கடைசி நிமிடத்தையும் எழுதுகிறது. ரமணிசந்திரனின் நாவல்களை வளர்ந்த வீட்டில் பார்த்தவர்களுக்கு அந்தக் கதைகளின் போக்கு ஓரளவு பழக்கப்பட்டதாகவே தோன்றும்.

ஒன்பதாம் படி: பழைய பிடிவிக்குச் செல்லுங்கள்

தனியார் அலைவரிசைகள் பெருகியது 2002க்குப் பிறகே. அதற்கு முன், 1964 நவம்பரில் லாகூரில் தொடங்கிய அரசின் பாகிஸ்தான் தொலைக்காட்சியான பிடிவிதான் பெரும்பாலும் எல்லாம். இந்தப் படிக்கு அவசரப்பட வேண்டாம்; பழைய ஒளிப்பதிவு, ஸ்டூடியோ அரங்கு, நீளமான காட்சிகள் ஆகியவற்றுக்குக் கண் பழக வேண்டும். பழகிவிட்டால் புதிய தொடர்கள் கொஞ்சம் இரைச்சலாகத் தெரியத் தொடங்கும்.

ஹஸீனா மொயின் எழுதிய 'அன்கஹி' (1982), 'தன்ஹாயியான்' (1985) இரண்டிலிருந்து தொடங்கலாம். கான்பூரில் பிறந்து கராச்சியில் வாழ்ந்து 2021இல் மறைந்த ஹஸீனா மொயினின் கதாநாயகிகள் வாயாடிகள், பிடிவாதக்காரர்கள், வேலைக்குப் போகிறவர்கள். 'அன்கஹி'யில் ஷஹ்னாஜ் ஷேக் நடித்த ஸனா முராத் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து செய்யும் குளறுபடிகள் நாற்பதாண்டு கடந்தும் புதிதாக இருக்கின்றன. 'தன்ஹாயியான்' பெற்றோரை விபத்தில் இழந்த இரு சகோதரிகளின் கதை. விற்றுப்போன வீட்டை மீட்டே தீருவேன் என்று மூத்தவள் வெறியோடு உழைக்கிறாள். சோகக் கதைதான். ஆனால் அதைச் சுற்றிச் சித்தியின் வீட்டில் கபாச்சாவும் (பஹ்ரோஜ் சப்ஜ்வாரி) புக்ராத்தும் (ஜம்ஷேத் அன்ஸாரி) வந்து போகும் காட்சிகளில், துக்கத்தையும் சிரிப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கும் வித்தை தெரியும். இன்றைய ரமலான் தொடர்களில் அது அரிது.

இறுதியாக 'ஆங்கன் டேடா' (1984). எழுதியவர் அன்வர் மக்ஸூத். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் மஹ்பூப் அஹ்மத் (ஷகீல்), அவர் மனைவி ஜஹான் ஆரா (புஷ்ரா அன்ஸாரி), அவர்கள் வீட்டு வேலைக்காரன் அக்பர் (ஸலீம் நாஸிர்). இம்மூவரையும் நடுவில் வைத்து, பணத்தட்டுப்பாடும் பேச்சுச் சாமர்த்தியமுமாக நகரும் குறுந்தொடர். தலைப்பு ஒரு பழமொழியின் பின்பாதி. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நாம் சொல்வதை உருதுவிலும் அச்சு மாறாமல் சொல்கிறார்கள், கூடத்துக்குப் பதில் முற்றம் என்பதுதான் வேறுபாடு. ஆனால் இந்த வீட்டில் ஆடத் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான். அக்பர் முறையாக நடனம் பயின்றவன். ஜெனரல் ஜியாவுல் ஹக்கின் இராணுவ ஆட்சியில் மேடைகளிலிருந்தும் அரசுத் தொலைக்காட்சியிலிருந்தும் நடனம் ஓரங்கட்டப்பட்ட காலம் அது. பிழைப்புக்கு வழியில்லாமல் அக்பர் இங்கே பாத்திரம் தேய்க்கிறான். அவன் நளினமாக நடந்து வந்து தேநீர்க் கோப்பையை வைப்பதைப் பார்த்து அன்று எல்லோரும் சிரித்தார்கள். அதே அரசின் தொலைக்காட்சியில், தணிக்கையின் கண்ணுக்கு முன்னாலேயே, ஒரு வசனம்கூடக் குரல் உயராமல் அது ஒளிபரப்பானது.

'ஆங்கன் டேடா'வைப் பார்க்கும்போது மட்டும் சப்டைட்டிலையும் நம்பாமல், உருது நன்கு தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அன்வர் மக்ஸூத் ஐதராபாத் தக்காணத்தில் பிறந்தவர். அவருடைய வசனத்தில் ஒரு சொல் இரண்டு பக்கம் வெட்டும். நிறுத்தி, கேட்டு, மீண்டும் ஓடவிட்டுப் பார்ப்பதற்கு ஓர் எபிசோடுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.